காடு படிக்கும் கலாசாலை

ஹரித்துவாரத்தை விட்டுப் புறப்பட்ட சற்று நேரத்திற்கெல்லாம் நமது ரயில் வண்டி, பெரியோர் அமர்ந்திருக்கும் கூடத்தில் நுழைந்துவிட்ட பையனைப் போல அடக்க ஒடுக்கமாக ஊர்ந்து செல்லத் தொடங்கியது. இரு புறமும் அடர்ந்த காடு.

“என்ன மாப்பிள்ளை, இஞ்சினுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் நம் மைத்துனர்.

“இல்லை, அப்பா! இது யானைகள் குறுக்கே போகும் பாதை. எத்தனையோ யானைகள் இங்கே ரயிலில் அடிபட்டு மாண்டிருக்கின்றன. அதனால்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள்” என்றாள் அவருடைய குமாரி.

அந்தக் காட்டின் பெயர் என்ன தெரியுமா? நம்முடைய ராஜாஜியின் பெயரேதான்! 1983-ஆம் வருஷத்தில் மூன்று சரணாலயங்களை ஒன்று சேர்த்து ராஜாஜி தேசியப் பூங்கா என்று ஆக்கினார்கள். 2015-இல் அது புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. தஞ்சாவூரிலிருந்து இத்தனை தூரம் வந்த பிறகு ஒரு தமிழரின் பெயர் எதிர்கொண்டு அழைத்ததில், சென்னையிலிருந்தே வாடியிருந்த மைத்துனரின் முகம்கூடச் சிறிது மலர்ந்தது.

அவருடைய வாட்டத்திற்குக் காரணம் அந்தக் குமாரிதான். தாவர சாஸ்திரத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவள். டேராடூன் வன ஆராய்ச்சிக் கழகத்தில் வனவியல் எம்.எஸ்ஸி. படித்து, அதன் பிறகு ஆராய்ச்சியும் செய்யப் போவதாக ஒரே பிடிவாதம். பரீட்சை எழுதி இடமும் பெற்றுவிட்டாள். ஜவுளிக் கடை நடத்தும் தந்தையோ, “காட்டைப் படித்தால் காட்டிலேதானே உத்தியோகம்? பெண்ணை வனவாசம் அனுப்புகிறவன் தகப்பனா?” என்றார். கடைசியில், “நம் மாப்பிள்ளை வாத்தியார். அவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். அதற்கு நான் கட்டுப்படுகிறேன்” என்று ராஜி ஏற்பட்டது.

தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்பதையும் வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து தீப்பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வண்டு. ‘வண்டுகளைப் பற்றியே மேலே படிக்கலாமா, ஸார்?’ என்று ஒரு நாள் கேட்டான். ‘வண்டு சோறு போடாதப்பா’ என்று நாம் அருள்வாக்குச் சொன்னோம். பையன் இன்று ஒரு வங்கியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். நாம் டேராடூன் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் ரயில் நிலையத்துக்கே ஓடி வந்து, ஒரு தீப்பெட்டியை நம் கையில் வைத்தான். “ஸார், இது என்ன ஜாதி என்று ஐந்து வருஷமாகத் தேடுகிறேன். அங்கே யாராவது சொல்வார்களா?” என்றான். பிரயாணம் முழுவதும் அந்தத் தீப்பெட்டி நம் கைப்பையில் கனத்துக்கொண்டே வந்தது.

டேராடூன் நகரிலிருந்து சக்ராதா சாலையில் சென்றால் வன ஆராய்ச்சிக் கழகம். சுமார் 450 ஹெக்டேர் தோட்டத்தின் நடுவே, செங்கல் நிறத்தில், தூண்களும் வளைவுகளுமாக ஒரு மாளிகை எழுந்து நிற்கிறது. பின்னணியில் முஸோரி மலைத் தொடர். 1929-ஆம் வருஷம் வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்துவைத்த கட்டிடம் அது. ஆனால் ஸ்தாபனத்தின் கதை அதற்கு முந்தியது. 1864-இல் இந்தியாவின் வனத்துறைக்குத் தலைமை ஏற்ற பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியரின் முயற்சியால், 1878-இல் இங்கே ஒரு வனப் பள்ளிக்கூடம் தோன்றியது. 1906-இல் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. 1991-இல் சர்வகலாசாலைக்குரிய அந்தஸ்தும் கிடைத்தது.

அந்த நாளைய காட்டுப் படிப்புக்குக் காரணம் காட்டின் மேல் பிறந்த காதல் மட்டும் அல்ல. ரயில் பாதைக்குக் கட்டைகள் வேண்டியிருந்தன. சால மரங்களும் தேவதாருக்களும் சரிந்தன. இன்னும் எத்தனை காலம் வெட்டலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. மலை ஜனங்களுக்கோ தங்கள் காட்டிலேயே விறகு பொறுக்கத் தடை. சுதந்திரம் வந்த பிறகும் அந்தத் துயரம் உடனே தீர்ந்துவிடவில்லை. 1973-இல் இதே கட்வால் மலையிலுள்ள மண்டல் கிராமத்தில், உழவுக் கருவிக்கென்று ஜனங்கள் கேட்ட மரம் மறுக்கப்பட்டு, விளையாட்டுச் சாமான் செய்வோருக்கு அளிக்கப்பட்டது. ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். மறு வருஷம் ரேணி கிராமத்தில் கௌரா தேவி என்பவள் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். காட்டைப் படிக்கிறவர்கள் காட்டு ஜனங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் தேசத்துக்குக் கற்பித்தார்கள்.

மாளிகைக்குள் காட்சிசாலைகள் ஆறு. மரக்கட்டைகளின் காட்சிசாலையில் எழுநூறு வயதைத் தாண்டிய ஒரு தேவதாருவின் குறுக்கு வெட்டு இருக்கிறது. அதன் நடுவளையம் உருவான காலத்தில் நம் தஞ்சையில் சோழப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்தது. மைத்துனர் துணியைத் தடவிப் பார்ப்பது போல வளையங்களை உற்று உற்றுப் பார்த்தார். “பட்டு மாதிரி நெருக்கமான நெசவு!” என்றார்.

அங்கே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நமக்குத் துணையானாள். கட்வால் கிராமமொன்றில் பிறந்தவள். டாக்டர் பட்டத்திற்காகச் சால மரக் கன்றுகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். சால மரம் நமக்கு அந்நியமானதல்ல. நம் கோயில்களில் மணக்கும் குங்கிலியம் அதன் பிசின்தான். அந்த மரம் முளைக்கும் கதையைக் கேட்டு நாம் வியந்து போனோம்.

சால விதை மழைக்காலத்தின் வாயிலில் உதிர்கிறது. அதற்கு உயிர் ஏறக்குறைய ஒரு வாரந்தான். அதற்குள் ஈரம் கிடைக்காவிட்டால் வீண். முளைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. பனியும் வறட்சியும் தீயும் தண்டைக் கருக்கிவிடுகின்றன. ஆயினும் வேர் சாவதில்லை. மறு வருஷம் மீண்டும் ஒரு தளிர். மீண்டும் அது கருகும். இப்படிப் பல வருஷங்கள் மேலே மாண்டு மாண்டு, கீழே வேர் மட்டும் பருத்துக்கொண்டே போகும். பிறகு ஒரு வருஷம் தளிர் கருகாமல் ஓங்கி எழும்.

அந்த மாணவி ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறாள். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். “மடிந்தது”, “மீண்டும் தளிர்த்தது”, “மடிந்தது” என்று பக்கம் பக்கமாக வரிசைகள். “பெரிய மரங்கள் நிறைய நிற்கும். பார்ப்பவர்கள் காடு செழிப்பாக இருப்பதாக நினைப்பார்கள். கீழே கன்று இல்லையென்றால் அது பிள்ளையில்லாத வீடு, ஐயா” என்றாள். மேய்ச்சலா, தீயா, நிழலா, எது கன்றைத் தடுக்கிறது என்று கண்டறிவதே அவள் வேலை.

“இதற்குச் சம்பளம் உண்டா, அம்மா?” என்று மைத்துனர் கேட்டார்.

“உபகாரச் சம்பளம் உண்டு. ஆனால் ஜவுளிக் கடை வைக்கப் போதாது” என்று அவள் சிரித்தாள். நம் பெண் விஷயத்தை முன்னமே சொல்லி வைத்திருக்கிறாள் போலும்!

அடுத்தது பூச்சிகளின் காட்சிசாலை. சால மரத்தைத் துளைக்கும் வண்டு அங்கே முக்கியஸ்தர். முதல் மழையோடு வெளிவரும்; இதன் புழு மரத்தின் வைரத்தையே குடைந்துவிடும். 1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்துக் காடுகளில் இலட்சக்கணக்கான சால மரங்கள் இதற்கு இரையாயின. இதைப் பிடிக்கும் உபாயம் வேடிக்கையானது. சில மரங்களை வெட்டிப் பட்டையை நையப் புடைத்துப் போட்டால், கசியும் சாற்றின் வாசனைக்கு வண்டுகள் மொய்க்கும். பொறுக்கி எடுத்து அழித்துவிடலாம். வண்டின் குணத்தை வருஷக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தவர்கள் இருந்ததால் அல்லவா இந்த உபாயம் கிடைத்தது? வண்டு சோறு போடாது என்று சொன்ன நாம், அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் தலை குனிந்து நின்றோம்.

மறுநாள் சந்திரபனி என்னுமிடத்தில் 1982-இல் ஏற்பட்ட வனவிலங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்கம் போனோம். முன்பெல்லாம் புலிகளின் காலடித் தடத்தைக் கொண்டு கணக்கெடுப்பார்கள். ராஜஸ்தானத்துச் சரிஸ்கா காட்டில் அந்தக் கணக்குப்படி புலிகள் இருந்தன. 2005-இல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை! வேட்டைத் திருடர்கள் துடைத்துவிட்டார்கள். 2006 முதல் தானே படம் பிடிக்கும் காமிராக்களைக் காட்டில் கட்டி வைத்து, ஒவ்வொரு புலியின் வரிகளையும் நம் கைரேகை போல ஒப்பிட்டு, தேசம் முழுவதற்கும் மதிப்பிடுகிறார்கள். அந்த வருஷம் 1,411 என்று கண்ட மதிப்பீடு, 2022-இல் 3,682 ஆக உயர்ந்தது. இந்த வேலையில் இங்கே பயின்ற இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

“இருப்பு ஏடு பொய்யானால் கடை மூழ்கிவிடும், மாப்பிள்ளை” என்றார் மைத்துனர். இரண்டு நாளில் அவராகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

மாலையில் முஸோரி மலையைப் பார்த்தபடி நடந்தோம். ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கல்லுக்காக அந்த மலையைத் தோண்டிப் புண்ணாக்கினார்கள். ஊற்றுகள் வற்றின, மண் சரிந்தது. 1985 முதல் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டுச் சுரங்கங்களை மூடச் செய்தது. 1982-இல் அமைக்கப்பட்ட மாஜி சிப்பாய்களின் பட்டாளம் ஒன்று, துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி ஏந்தி அந்தச் சரிவுகளில் மரம் நட்டது. எந்த மண்ணில் எந்தச் செடி பிழைக்கும் என்று சொல்லக் கற்றவர்கள் வேண்டியிருந்தார்கள். இனியும் வேண்டியிருக்கும்.

தீர்ப்புச் சொல்ல நாம் தொண்டையைக் கனைத்தோம். மைத்துனர் கையமர்த்தினார். “நீங்கள் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளை” என்று கூறிவிட்டுப் பெண்ணிடம் திரும்பி, “இங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். நாளைக்குப் பணம் கட்டிவிட்டுக் கம்பளி வாங்கப் போவோம். துணியை நான் பார்த்துத்தான் எடுப்பேன்” என்றார்.

ஊருக்குப் புறப்படும்போது தீப்பெட்டியை எடுத்துப் பெண்ணிடம் கொடுத்தோம். அதன் சரித்திரத்தையும் ஒளிக்காமல் சொன்னோம். அவள் அதைத் திறந்து வெகு நேரம் பார்த்தாள்.

“இதன் பெயரை நான் கண்டுபிடித்து எழுதுகிறேன், மாமா. அவருடைய விலாசத்தைக் கொடுங்கள். உங்களுக்கு அல்ல, அவருக்கே எழுதுகிறேன்” என்றாள்.

விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினோம்.