பத்தலேகல: இம்முறை நீங்களும் ஏறுங்கள்



கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் வலப்பக்கம் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால், விரித்து வைத்த புத்தகம்போல ஒரு பெரும் பாறை நிற்கும். அதுதான் பத்தலேகல. ஆங்கிலத்தில் 'பைபிள் ரொக்' என்பார்கள். கேகாலை மாவட்டத்தில், மாவனல்லைக்கும் அரநாயக்கவுக்கும் அண்மையில் இருக்கிறது. உயரம் 798 மீற்றர். சுகமாக நடக்கக்கூடிய எவரும் ஒரே நாளில் ஏறி இறங்கலாம்.

நம் குடும்பச் சுற்றுலாக்களை நினைத்துப் பாருங்கள். ஆண்களும் பிள்ளைகளும் மேலே ஏறுவார்கள். நாம் சோற்றுச் சட்டிக்குக் காவலாக வேனுக்குள் இருப்போம். ஒருநாள் என் மகள், "உம்மா, நீங்க ஏன் ஒருநாளும் வாறதில்ல?" என்று கேட்டாள். "கால் நோகும் மகள்" என்றேன். அது பொய். என்னை யாரும் கூப்பிடவில்லை; நானும் கேட்கவில்லை. அன்றிரவே வாப்பாவும் பிள்ளைகளும் இருக்கும்போது சொன்னேன்: "அடுத்த முறை நானும் ஏறுவேன்."

நீங்களும் அப்படித் தீர்மானித்தால், ஆயத்தத்தை ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். தினமும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடவுங்கள். படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள். முழங்கால் வலி, இழுப்பு, பிரஷர் உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைத் தெரிவு செய்வதே முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை காலை வேளைகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை பெய்யும். வெறும் பாறை உச்சியில் மின்னலுக்கு அகப்படுவது உயிருக்கு ஆபத்து. 2016 மே 17ஆம் திகதி, பல நாள் மழைக்குப் பின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். இறந்தோரும் காணாமற் போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர். ஆகவே மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சுபஹ் தொழுதவுடன் புறப்படுங்கள். மாவனல்லையிலிருந்து அரநாயக்கப் பக்கம் பஸ் ஓடுகிறது. அடிவாரக் கிராமத்தில் யாரிடமாவது வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்; ஊர் மனிதர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது. காலை ஏழரைக்கு ஏறத் தொடங்கினால், ஆறுதலாக ஏறினாலும் லுஹருக்கு முன் இறங்கிவிடலாம்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலத்தைத் தொடும் அபாயா பாறையில் சிக்கும், காலைத் தடுக்கும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் தளர்ந்த நீள உடையும் உள்ளே காற்சட்டையும் வசதி. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். அட்டைக் கடிக்கு காலுறையில் சவர்க்காரம் பூசிக்கொள்ளலாம். அத்தர், சென்ட் பூச வேண்டாம். பாறை இடுக்குகளில் தேனீயும் குளவியும் கூடு வைத்திருக்கும். வாசனையும் கூச்சலும் புகையும் அவற்றைக் கலைக்கும்.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், ரொட்டியும் சீனிச் சம்பலும், கொஞ்சம் பேரீச்சம்பழம், இரண்டு பக்கட் ஜீவனி, ஒரு டோர்ச், மழைச்சட்டை. இவை போதும். சட்டி, பானை வேண்டாம். அவசரத்துக்கு 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வரும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னுமொன்று. திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். நாங்கள் முதன்முறை போனது ஓர் ஏப்ரலில். புறப்படவே பிந்திவிட்டது. பாதி வழியில் பதினொன்றரை மணி. மேற்கே வானம் கறுத்தது. "இன்னும் கொஞ்சம்தானே" என்றார் வாப்பா. மகனுக்கும் உச்சியைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. எனக்கும்தான். எத்தனை வருட ஆசை! ஆனாலும், "பன்னிரண்டுக்குத் திரும்புவதாகப் பேசினோம், அதற்குள் உச்சிக்குப் போக முடியாது, இறங்குவோம்" என்றேன். மகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கடைசி வளைவில் முதல் இடி விழுந்தது. கிராமத்துக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது பாறையே தெரியவில்லை, அத்தனை மழை. வாப்பா ஒன்றும் பேசவில்லை. பிளேன்டீ வாங்கி முதல் கோப்பையை என் கையில் தந்தார்.

அடுத்த பெப்ரவரியில் மீண்டும் போனோம். இம்முறை எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கே ஆறுவது என்றெல்லாம் என்னிடம்தான் கேட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பத்து மணிக்கு முன் உச்சியில் நின்றோம். அலகல்ல மலையையும், பிரித்தானியர் சரதியலையும் அவரது நண்பர் மம்மலே மரிக்காரையும் தேடிய உதுவன்கந்தையையும் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்கள் இருவரும் 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட கதையைச் சொன்னபோது மகன் வாய்மூடாமல் கேட்டான். கடுகண்ணாவைப் பக்கம் பார்த்தேன். எத்தனையோ முறை அங்கிருந்துதானே வேனுக்குள் இருந்தபடி இந்தப் பாறையைப் பார்த்திருக்கிறேன்!

உச்சியில் பௌத்தர்கள் மதிக்கும் வணக்க இடமும் உண்டு. சத்தமிடாமல் மரியாதையாக இருங்கள். கொண்டுபோன ஷொப்பிங் பையைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள்.

எங்கள் வீட்டில் அடுத்த பயணத்துக்கு மாமியும் ஆயத்தமாகிறார். வயது அறுபத்திரண்டு. பாதி வழி போதுமாம். பாதி வழியும் பயணம்தானே! இன்ஷா அல்லாஹ், நீங்களும் புறப்படுங்கள்.