சங்கு ஊதுமுன்

தீப்பெட்டி கம்பெனியின் சங்கு ஊதக் கால்மணி இருக்கும்போதே தாத்தா எழுந்துவிடுவார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இருட்டில் துழாவி ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, பித்தான்களைத் தப்பும் தவறுமாய்ப் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு, தூக்கைக் குடு" என்பார். ஆயா காலித் தூக்கை நீட்டுவாள். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போவேன். அங்கிருந்த வாட்ச்மேன், "இன்னிக்கு உங்களுக்கு ஆஃப், பெரியவரே" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். தாத்தாவுக்கு அது போதும். லீவு கிடைத்த சந்தோஷத்தோடு திரும்பி நடப்பார்.

வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற நீளப் பெயர் சுருங்கித்தான் விம்கோ ஆயிற்று. அதிலிருந்துதான் எங்கள் ஊருக்கும் பெயர். குச்சி முனையில் ஒரு மருந்து, பெட்டி ஓரத்தில் வேறொரு மருந்து, இரண்டும் உரசினால்தான் நெருப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தாத்தா. என் பெயர் மறந்த பிறகும் அந்தப் பாடம் அவருக்கு மறக்கவில்லை.

1988, ஆடி மாதம். எனக்கு ஒன்பது வயது, அன்று காய்ச்சல். ஆயா பின்கட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். வாசல் கொண்டி விலகும் சத்தம் எனக்குக் கேட்டது. தெரிந்த வழிதானே என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் கேட்டுக்கு வரவே இல்லை என்றார் வாட்ச்மேன்.

அப்பாவும் சித்தப்பாவும் கடலோரக் குப்பங்களில் தேடினார்கள். வடிவுடையம்மன் கோயில், ராயபுரம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் என்று பத்து நாள் அலைந்தார்கள். தூர்தர்ஷனில் காணாமல் போனவர்கள் அறிவிப்பில் தாத்தா படம் வந்தது. பக்கத்து வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. "சுமார் 70 வயது மதிக்கத்தக்கவர், சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர்" என்று அந்த அம்மா படித்தபோது, ஆயா எழுந்து வெளியே போய்விட்டாள். "அவருக்கு மறதி. பைத்தியமில்ல" என்று திண்ணையில் இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆயா சொன்னதுதான் சரி. அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் அந்த மறதியை 1906-லேயே ஒரு நோயாக எடுத்துச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்கு அந்தச் சொல் வந்து சேரவில்லை. இந்தியாவில் இந்த நோயாளிகளுக்காகச் சங்கம் தொடங்கியதே 1992-இல்தான். ஜப்பானில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி 19,000-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனதாகப் போலீசில் பதிவாகியிருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் கொண்டி விலகிய கதவுகள்.

எங்கள் பிள்ளைக் கூட்டத்துக்கு அப்போது வேறொரு விளக்கம் இருந்தது. பட்டினத்தார் திருவொற்றியூர்க் கடற்கரையில் சிறுவர்களோடு விளையாடி, தன்னை மூடச் சொல்லி, திறந்து பார்த்தபோது லிங்கமாகியிருந்தாராம். சமாதியில் போய்த் தாத்தாவைக் கேட்டுக் கும்பிட்டு வந்தோம்.

ஏழு ஆண்டு யாருக்கும் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு சொன்னது. 1995-இல் உறவுக்காரர்கள் அதைச் சொல்லித் திதி பேச்சை எடுத்தார்கள். "எந்தத் தேதியில குடுப்பீங்க?" என்றாள் ஆயா. அவள் நெற்றிப் பொட்டு கடைசிவரை அழியவில்லை.

இப்போது மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, 2021-இலிருந்து. ஆனால் நான் எப்போதும் பழைய ஸ்டேஷனுக்குத்தான் போவேன். ஒருநாள் கும்மிடிப்பூண்டி வண்டி அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றபோது நெஞ்சு திடுக்கென்றது. கடைசி மாதத்தில் தாத்தா சாயங்காலமானால் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "மாட்டைப் புடிச்சுக் கட்டியாச்சா?" விம்கோ நகரில் எங்களுக்கு ஏது மாடு? அது அவர் பிறந்த ஊர் மாடு. ஆரம்பாக்கத்துக்குப் பக்கம், இதே தண்டவாளத்தின் வடக்கே. மறதி, புதியதை முதலில் தின்றுவிட்டுப் பழையதற்கு மெல்லத்தான் வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். கம்பெனியும் அவருக்குள் அழிந்திருக்க வேண்டும். அந்த விடியலில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பவில்லையோ என்னவோ. உறவென்று அங்கே யாருமில்லாததால், நாங்கள் யாரும் அந்தப் பக்கம் தேடவே இல்லை.

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி, கும்மிடிப்பூண்டியில் வண்டி மாறி ஆரம்பாக்கத்தில் இறங்கினேன். டீக்கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். "எப்பங்க காணாமப் போனாரு?" வருடத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கயிற்றுக்கட்டிலில் கிடந்த தன் அப்பாவிடம் படத்தைக் கொடுத்தார். கிழவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம பக்கத்து மொகந்தான்" என்று திருப்பிக் கொடுத்தார்.