முகப்பும் மூன்றாங்கட்டும்

வீட்டை விற்பதற்கு முன் எப்படித் துலக்குவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு என்ன செய்வோமோ அதையே செய்தோம். பள்ளத்தூரில் எங்கள் வீடு ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். பொங்கலுக்கும் முன்னோர் படைப்புக்கும் திறப்போம். திறந்ததும் முதலில் புறா எச்சம், அப்புறம் கரையான், அப்புறம் நாட்டு ஓடு நழுவிய இடங்களில் மழை இறங்கிய தடம். எல்லாவற்றையும் கழுவித் தள்ளிய பிறகுதான் தரை தெரியும்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு மெழுகு வேண்டாம். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் பரப்பி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கல் அது. சூளையைக் காணாதது. ஆள் நடக்க நடக்கத்தான் அதற்குப் பளபளப்பு ஏறும். நடமாட்டம் நின்றால் மங்கிவிடும். வெறுங்காலோடு நடக்க ஆளில்லாத குறையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் சரிக்கட்டினோம்.

சுவரைப் பார்த்துவிட்டுத் தரகர், “வெள்ளையடிச்சிருவோம் ஆச்சி, வர்றவுகளுக்குப் பளிச்சுன்னு தெரியும்” என்றார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “இது வெள்ளை கண்ட சுவரில்லப்பா, முட்டை கண்ட சுவர். ஈரத்துணி போதும்” என்றார். சலித்த சுண்ணாம்போடு முட்டை வெண்கருவைச் சேர்த்து, வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, கடைசிப் பூச்சாக இழைத்துத் தேய்த்த சுவர். துடைத்ததும் ஆள் நிழல் தெரிந்தது. தரகர் அதன்பிறகு பெயிண்டைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் வீட்டைக் காட்டும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், முகப்பிலிருந்து பின்தெரு வரை உள்ள கதவுகளையெல்லாம் திறந்துவைக்கச் சொல்வார். செட்டிநாட்டு வீடுகளில் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்தெருவில் நின்று பார்த்தால் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்து, கடைசியில் பின்தெரு வெளிச்சம் தெரியும். வந்தவர்கள் அங்கேயே வாயடைத்து நின்றுவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தரகர், 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததை எடுத்துவிடுவார்.

அவரைக் குறைசொல்ல முடியாது. முகப்பைக் கட்டியதே காட்டுவதற்குத்தான். பர்மாவிலிருந்து தேக்கு, இங்கிலாந்திலிருந்து இரும்புத் தூண், இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி என்று கொண்டுவந்து கட்டியவர்கள் அதில் படுத்து உறங்குவதற்காகக் கட்டவில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்களும் கொடுக்கல் வாங்கலுக்கு வருகிறவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த வருமானம் பர்மாவில் கடன் கொடுத்து வந்தது. 1930-களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்த வயல்களையும் சேர்த்து, கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பான்காரர்கள் உள்ளே வந்தார்கள். போரும், அதன்பின் வந்த நிலச் சட்டங்களும் அந்தக் கணக்கையெல்லாம் முடித்துவைத்தன. வருமானம் போன பிறகும் முகப்பு மட்டும் வருகிறவர்களை எதிர்பார்த்தபடியே இருந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்த்தார்கள். ஓட்டல் நடத்த இடம் தேடியவர் வளவைச் சுற்றி இருந்த அறைகளைத் திறந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய வீட்டில் ரூம் ஏன் இத்தனை சிறிசு?” என்றார். அவை தங்குகிற அறைகள் அல்ல. புள்ளிக்கு ஒன்று, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. சீர் சாமானும் பெட்டியும் வைத்துப் பூட்டத்தான் அவை. படுக்கை எல்லாம் வளவிலும் பட்டாலையிலும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருந்தவர் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, “தூணும் நிலையும் மட்டும் தர்றீகளா ஆச்சி?” என்றார். இன்னொருவர் முன்தெருவிலிருந்து பின்தெரு வரை அடிபோட்டு நடந்து, இடித்தால் எத்தனை மனை தேறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

யாரும் மூன்றாங்கட்டில் நிற்கவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து, பின்வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்கள் வளர்ந்தது அங்கேதான்.

மூன்றாங்கட்டுச் சுவருக்கு முட்டையும் கிடையாது, மெருகும் கிடையாது, புகைதான். எங்களில் மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச நாளில் வேறு வைப்பார்கள். அரிசி, பருப்பு, பாத்திரமெல்லாம் கொடுத்து, அதே கூரையின் கீழ் தனி அடுப்பு. முன்னால் எல்லாருக்கும் பொதுவான ஒரே வீடு. பின்னால் அடுப்புக்கு அடுப்பு தனிக் குடும்பம். பிள்ளைகளுக்கு அதனால் ஏகப்பட்ட வசதி. ஆத்தா கத்தரிக்காயை வதக்கினால் பெரியாத்தாவின் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோந்து பார்த்துவிட்டு அங்கே போய் உட்காருவோம். அங்கேயும் சரியில்லை என்றால் அப்பத்தா. அவர் எந்த மருமகள் அடுப்பிலும் சேராமல் தனக்கென்று ஒரு கைப்பிடி அரிசி பொங்குவார். அதில் பாதி எங்களுக்குப் போய்விடும்.

சண்டையும் அங்கேதான். விறகு யாருடையது, ஆட்டுக்கல்லை யார் கழுவாமல் போனது, வத்தலைக் காக்கை தூக்கும்போது யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. காலையில் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் சாயங்காலம் ஒரே கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்து தேன்குழல் பிழிவார்கள். முகப்பில் ஆண்கள் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்பது அந்த நேர்கோட்டு வாசல்கள் வழியே இவர்களுக்குத் தெரியும். முகப்பிலிருந்து பார்க்கிறவருக்கோ முற்றத்து வெயிலின் கூச்சம்தான் தெரியும், ஆள் தெரியாது. வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டிய அதே கோட்டில், உள்ளே இருந்தவர்கள் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விலை ஒருவழியாகப் படிந்தது. பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அத்தை கையெழுத்தும் வேண்டும் என்றார் வக்கீல். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டத்தில் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. மருமகள்களுக்கெல்லாம் ஓர் அடுப்பு கொடுத்த மூன்றாங்கட்டில், மகளான அத்தைக்கு என்று அடுப்பு இருந்ததில்லை. பிறந்து வளர்ந்து வேறு வீட்டுக்குப் போனவர், விற்கும்போது பங்குக்காரராகத் திரும்பி வந்தார்.

வாங்கியவர் முகப்பையும் வளவையும் அப்படியே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்னால் இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விடுவாராம். பத்திர எழுத்தர் சொத்து விவரத்தை வாசித்தார். நான்கு எல்லை, நீள அகலம், தேக்குத் தூண், நிலை, கதவு, சலவைக்கல் தளம் என்று ஒவ்வொன்றாக வந்தது. மூன்றாங்கட்டு, ‘பின்புறமுள்ள ஓட்டுக் கொட்டகையும் கிணறும்’ என்று பாதி வரியில் முடிந்தது.

பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அப்பச்சி (எங்கள் அப்பா), நல்ல விலைதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அத்தை காரில் ஏறிக்கொண்டே, “விருந்தாளுக்குக் கட்டுன பக்கத்தைத்தானே அண்ணே பேரம் பேசுனாக? நாம புழங்குன பக்கத்தைச் சும்மாதான் குடுத்திருக்கோம்” என்றார். அப்பச்சி மறுத்துப் பேசவில்லை.