எழுத்தும் சாட்சியும்



அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை மத்ரஸாவில் நடத்தும்போது ஒன்றை மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்வது என் வழக்கம். கடன் கொடுக்கல் வாங்கலில் அவ்வசனம் எழுத்தையும் கேட்கிறது, சாட்சியையும் கேட்கிறது. எழுத்து இருக்கிறதே என்று சாட்சியை விட்டுவிடவில்லை.

மென்பொருள் துறையில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' பற்றி விளக்கியபோது இவ்வசனமே என் நினைவில் வந்தது. பிளாக்செயினில் நிரலாக எழுதி வைக்கப்படும் ஒப்பந்தம் அது. நிபந்தனை நிறைவேறினால் பணம் தானாகவே கைமாறும். "ஹஜ்ரத், எழுதியது எழுதியபடியே நடக்கும், யாரும் இடையில் கை வைக்க முடியாது" என்றார். "மழை பொய்த்தால் உழவருக்கு இழப்பீடு என்று எழுதியிருந்தால், மழை பொய்த்த செய்தியை அதற்கு யார் சொல்வது?" என்று கேட்டேன். "அதற்குத்தான் ஆரக்கிள்" என்றார்.

பிளாக்செயினில் இணைந்துள்ள கணினிகள் அனைத்தும் ஒரே கணக்கைச் செய்து ஒரே விடையை அடைய வேண்டும். ஒவ்வொன்றும் வெளியுலகை எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு விடை கிடைக்கும், பேரேடு குலைந்துவிடும். எனவே ஒப்பந்தத்திற்கு வெளியே கண்ணில்லை. விலை, வானிலை போன்ற செய்திகளை உள்ளே கொண்டுவரும் சாட்சியே ஆரக்கிள். சாட்சி பிழைத்தால், பிழையற்ற நிரலும் அநீதியையே துல்லியமாக நிறைவேற்றும்.

இது வெறும் அச்சமன்று. 2020 நவம்பரில் காம்பவுண்ட் என்னும் கடன் தளத்தில் இது நிகழ்ந்தது. ஒரு டாலரை ஒட்டியே நிற்க வேண்டிய 'டாய்' நாணயம், காயின்பேஸ் சந்தையில் சிறிது நேரம் ஏறத்தாழ 1.30 டாலருக்கு உயர்ந்தது. அத்தளம் முதன்மையாக நம்பியிருந்தது அந்த ஒரு சந்தையின் விலையைத்தான். டாயில் கடன் பெற்றிருந்தோரின் கடன் ஒரே கணத்தில் பெருகியதாகக் கணக்கு காட்டியது. சுமார் 9 கோடி டாலர் மதிப்புள்ள பிணைகள் விற்கப்பட்டன. வட்டியில் இயங்கும் அத்தொழில் நமக்கு ஆகாது. அதிலுள்ள படிப்பினை நமக்கும் உரியது.

இதற்குக் கண்ட தீர்வே பரவலாக்கப்பட்ட ஆரக்கிள். 2019இல் எத்தீரியத்தில் செயல்படத் தொடங்கிய செயின்லிங்க் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. தனித்தனியே இயங்கும் பலர் பல இடங்களிலிருந்து விலையைத் திரட்டித் தருகின்றனர். அவற்றை வரிசைப்படுத்தி நடுவிலுள்ள மதிப்பு எடுக்கப்படுகிறது. ஓரிருவர் தவறாகச் சொன்னாலும் நடு மதிப்பு பெரிதாக அசைவதில்லை.

ஆயினும் ஹதீஸ் கலை பயின்றவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். எண்ணங்களைக் கொண்டே செயல்கள் அமைகின்றன என்னும் நபிமொழியை யஹ்யா இப்னு ஸயீத் அவர்களிடமிருந்து மிகப் பலர் அறிவித்துள்ளனர். எனினும் அறிஞர்கள் அதை முதவாதிர் என்று சொல்வதில்லை. ஏனெனில் அவருக்கு முந்திய தலைமுறைகளில் ஒருவரிடமிருந்து ஒருவராகவே அது வந்துள்ளது. அது ஸஹீஹாக நிற்பது பின்னால் அறிவித்தோரின் எண்ணிக்கையால் அன்று. அந்த ஒவ்வொருவரின் நேர்மையாலும் நினைவாற்றலாலும். அதுபோல இருபது ஆரக்கிள்கள் ஒரே சந்தையைப் பார்த்துச் சொன்னால், அங்கே இருப்பது ஒரு சாட்சிதான்.

பிணைத்தொகை வைக்கச் செய்து, பொய்யுரைத்தால் அதைப் பறிக்கும் முறையும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொய்யால் வரும் ஆதாயம் பிணையைவிடப் பெரிதாகும் நாளில் அந்த வேலி நிற்காது.

நம் பிள்ளைகள், "இது பிளாக்செயின், இதில் ஏமாற்ற முடியாது" என்று சொல்லிக் குடும்பத்தின் சேமிப்பை அதில் இட முன்வரலாம். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். இம்மூன்றை மட்டும் கேளுங்கள்: இதற்குச் செய்தி சொல்பவர் யார்? எத்தனை பேர்? அவர்கள் அனைவரும் ஒரே கிணற்றில்தான் நீர் இறைக்கின்றனரா? விடை கிடைக்கும்வரை பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.