இறுகிப்போன படகு டிரைவும் கண்ணுக்குள்ள போன இரும்புத் துணுக்கும்

உங்க வீட்டுல சுத்தியல் பிடிக்கிறவங்க யாராவது இருந்தா இந்த த்ரெட்டைக் கடைசி வரைக்கும் படிங்க. மெக்கானிக், லேத் பட்டறை, கொல்லுப்பட்டறை, கல் உடைக்கிறவங்க, மோட்டார் ரிப்பேர் பண்றவங்க, ஞாயித்துக்கிழமை ஆனா சொந்த பைக்கைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ற நண்பர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

முதல்ல ஒரு படகைப் பத்திப் பேசணும். செஞ்சிப் பக்கம் வேலை பாக்குற டாக்டருக்கு படகோட என்ன சம்பந்தம்னு நினைப்பீங்க. எங்களுக்கும் கடலுக்கும் நடுவுல அறுபது கிலோமீட்டருக்கு மேல ரோடு இருக்கு. ஆனா படகைக் கழட்டப் போன ஆள் சிங்கவரத்துக்காரர்.

(ஆள் யாருன்னு தெரியாம இருக்கிறதுக்காக சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

நாப்பது வயசு தாண்டினவர். லேத் பட்டறையில வேலை. துருப்பிடிச்சு இறுகிப்போன எதையும் கழட்டிடுவார்னு சுத்துவட்டாரத்துல பேர். பம்புசெட் கப்ளிங், டிராக்டர் வீல் நட், பழைய ஆயில் இன்ஜின் ஃப்ளைவீல்ல அடிச்ச சாவி, எது மாட்டிக்கிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. அப்படித்தான் கடற்கரைப் பக்கம் சுற்றுலாப் படகு வெச்சிருந்த தெரிஞ்சவர் ஒருத்தர் கூப்பிட்டிருக்கார்.

அந்தப் படகுல இருந்தது ஸ்டெர்ன் டிரைவ். மீனவர்கள் ஃபைபர் போட்டோட பின்பலகையில மாட்டுற அவுட்போர்டு இன்ஜின் இல்ல இது. இதுல இன்ஜின் படகுக்குள்ள இருக்கும். ப்ரொப்பெல்லரும் கியரும் மட்டும் வெளியில, படகுக்குப் பின்னால ஒரு கால் மாதிரி தண்ணிக்குள்ள தொங்கும். 1959-ல வால்வோ பென்ட்டா அக்வாமேட்டிக்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அதுக்கு அப்புறம்தான் உலகம் பூரா வேகப்படகுல இது பரவுச்சு.

உள்ள இருக்கிற இன்ஜினையும் வெளிய தொங்குற காலையும் இணைக்கிறது ஒரு ஷாஃப்ட். அதோட நுனியில நீளவாக்குல பல்லு வெட்டியிருக்கும். அந்தப் பல்லு இன்ஜின் கப்ளிங்குக்குள்ள போய் உட்காரும். நடுவுல ஒரு பேரிங். சுத்தி தண்ணி புகாம இருக்க, மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய். ஒழுங்கா பராமரிச்ச படகுல சுத்தி இருக்கிற நட்டு ஆறையும் கழட்டி நேரா இழுத்தா டிரைவ் வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடணும். வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி, ரப்பரைப் பாத்து, பல்லுக்கு கிரீஸ் வெச்சு மாட்டணும். அந்த வேலையை அங்க யாரும் பல வருஷமா செய்யல.

ரப்பர் கிழிஞ்சு உப்புத்தண்ணி உள்ள போயிருக்கு. துருவுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு இருந்த இடம் அதுக்குப் பத்தாது, தின்ன இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேக்கும். ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற தலைமுடி அளவு சந்துல துரு பெருத்தா, ரெண்டும் ஒண்ணா வெல்டு வெச்ச மாதிரி ஆயிடும்.

நம்மாள் அவசரப்படுற ஆள் இல்ல. துரு இளக்குற ஆயிலை அடிச்சு ஒரு நாள் ஊற விட்டிருக்கார். ரெண்டு பக்கமும் சமமா ஆப்பு வெச்சிருக்கார். ஒரு பக்கம் மட்டும் நெம்பினா அலுமினியக் கூடு உடைஞ்சுடும், அதுக்கு ஆயிரக்கணக்குல செலவாகும். இன்ஜினைக் கையால முன்னும் பின்னும் அசைச்சு, பெல்ட் போட்டு இழுத்து, ஒரு வழியா நாலு விரல் அகலத்துக்கு வெளிய வந்திருக்கு. அதுக்கு மேல அசையல. சூடு காட்டலாமான்னு ஓனர் கேட்டிருக்கார். பெட்ரோல் இன்ஜின் படகு, அடித்தட்டுல பெட்ரோல் ஆவி தங்கியிருந்தா மொத்தமும் வெடிக்கும்னு மறுத்திருக்கார். இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னது. சொல்லும்போது ஒரு பெருமை இருந்தது, நியாயமான பெருமைதான்.

அப்புறம் அந்த நாலு விரல் இடைவெளியில உளியை விட்டு பேரிங் வளையத்தை அடிச்சிருக்கார்.

இங்க கொஞ்சம் நிறுத்துறேன். பேரிங் வளையம் சாதா இரும்பு இல்ல. தேயாம இருக்க கெட்டியாக்கின ஸ்டீல். சுத்தியலோட முகமும் கெட்டியாக்கினது, உளியும் அப்படித்தான். கெட்டி இரும்பு மெதுவா வளையாது, சில்லாத் தெறிக்கும். தெறிக்கிற சில்லு கடுகைவிடச் சின்னது, கத்தி மாதிரி கூர், வேகமோ கண் இமைக்கிறதுக்கு முன்னாடி கண்ணுக்குள்ள போயிடுற வேகம். உங்க பட்டறை உளியோட தலையைப் பாருங்க. அடி வாங்கி வாங்கி பூ விரிஞ்ச மாதிரி ஓரம் மடிஞ்சிருக்கா? அந்த இதழ் ஒவ்வொண்ணும் என்னைக்காவது தெறிக்கப் போற சில்லு.

மறுநாள் காலையில எங்க ஓ.பி.க்கு வந்தார். பஸ் பிடிச்சு தானே வந்தார்.

"மண்ணு விழுந்தா மாதிரி லேசா உறுத்துது சார். வலி ஒண்ணும் இல்ல. ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தா போதும்."

கண்ணு கொஞ்சம் சிவந்திருந்தது. எழுத்துப் பலகையில கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படிச்சார். நான் கண் மருத்துவர் இல்ல, எம்.பி.பி.எஸ். பெரிய மிஷின் எதுவும் என் டேபிள்ல இல்ல, ஒரு டார்ச் இருந்தது. ஆனா கண்ணுல ஏதோ விழுந்துடுச்சுன்னு யார் வந்தாலும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அதுக்கு மிஷின் தேவையில்ல.

"விழும்போது என்ன செஞ்சிட்டிருந்தீங்கண்ணே?"

"சுத்தியல்ல அடிச்சிட்டிருந்தேன் சார்."

இரும்பு மேல இரும்பு அடிக்கும்போது கண்ணுல விழுந்ததுன்னு ஒருத்தர் சொன்னா, அது கண்ணுக்குள்ள இல்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் உள்ள இருக்குன்னுதான் எடுத்துக்கணும். காத்துல பறக்குற தூசி கண்ணு மேல ஒட்டும். சுத்தியல் சில்லு துளைச்சுக்கிட்டு உள்ள போகும். போன வாசல் ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதுவே மூடிக்கவும் செய்யும். வலி குறைஞ்சுடும், பார்வையும் நல்லாவே இருக்கும். அதனாலதான் நிறைய பேர் மெடிக்கல் ஷாப்புல சொட்டு மருந்து வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போயிடறாங்க.

டார்ச் அடிச்சப்போ பாப்பா வட்டமா இல்ல. ஒரு பக்கம் லேசா கூராகி, நீர்த்துளி மாதிரி இழுத்திருந்தது. அந்தப் பக்கம் கருவிழி ஓரத்துல நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. எக்ஸ்ரே எடுத்தோம். கண்குழிக்குள்ள ஒரு வெள்ளைப் புள்ளி. டிடி ஊசி போட்டு, ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சு, கண்ணு மேல எதுவும் அழுத்தாம மூடி, அன்னைக்கே மேல அனுப்பினோம். "இவ்ளோ தூரம் படிச்சேனே சார், அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"னு அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அதுக்குப் பதில் அந்தப் படகுலயே இருக்கு. ஷாஃப்ட்டைப் பிடிச்ச அதே துருதான் பதில். நம்ம கண்ணுக்குள்ள உப்புத்தண்ணிதான். அதுல இரும்பைப் போட்டு வெச்சா துருப்பிடிக்காம என்ன செய்யும்? முதல்ல சீழ் பிடிக்கிற ஆபத்து, அது மணிக்கணக்குல, நாள்கணக்குல வரும். அதுல தப்பிச்சாலும் இரும்பு மெல்லக் கரைஞ்சு கண்ணு முழுக்கப் பரவும். லென்ஸ்ல பழுப்பா படியும், புரை விழும், பாப்பா விரிஞ்சு அப்படியே நின்னுடும், விழித்திரை நஞ்சாகிச் சாகும். இதுக்கு சிடரோசிஸ்னு பேர். சில மாசத்துலயும் வரலாம், சில வருஷம் கழிச்சும் வரலாம். ராத்திரியில பார்வை மங்குதுன்னு ஆரம்பிக்கும். என்னைக்கோ சுத்தியல் அடிச்சது ஆளுக்கே மறந்திருக்கும்.

அப்படி ஒருத்தரை நான் பாத்திருக்கேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பேர் குடுக்க வந்த ஒரு விவசாயி. ஒரே கண்ணுல மட்டும் புரை, அதுவும் துரு நிறத்துல. மண்வெட்டிப் பூண் மாட்டும்போது என்னமோ பட்டதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சு சொன்னார். அந்தக் கண்ணுல வெளிச்சம்கூட தெரியல. புரையை எடுத்தாலும் பார்வை வர வழியில்ல.

சிங்கவரத்துக்காரருக்கு சி.டி. எடுத்து இடத்தை உறுதி பண்ணி, கண்ணுக்குள்ள நுண்கருவி விட்டு இரும்பை எடுத்தாங்க. காந்தம் வெச்சு இரும்பை எடுக்கிற யோசனை பழசு. 1879-லயே பெர்லின்ல ஹிர்ஷ்பெர்க்ங்கிற மருத்துவர் மின்காந்தத்தால எடுத்திருக்கார். இதே காரணத்துக்காகத்தான், கண்ணுல இரும்பு இருக்கலாம்னு சந்தேகம் இருக்கிறவங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது. அந்தக் காந்தம் இரும்பை உள்ளயே நகர்த்திக் கிழிச்சுடும். ஸ்கேன் எடுக்கும்போது வேலை என்னன்னு கேட்டா மறைக்காம சொல்லுங்க.

இப்போ கண்ணாடி போட்டு நல்லாவே பாக்குறார். லென்ஸை மாத்த வேண்டியிருந்தது. படகு என்னாச்சுன்னு கேட்டேன். வேற ஆள் வந்து ரப்பரை வெட்டிட்டு ஷாஃப்ட்டையே ரம்பத்தால அறுத்து எடுத்தாங்களாம். "மொதல்லயே அறுத்திருக்கலாம் சார், ஷாஃப்ட் புதுசு வாங்கலாம்"னார்.

சரி, உங்களுக்கு நடந்தா? தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க. கண்ணுல ஏதாவது குத்திக்கிட்டு நின்னா பிடுங்காதீங்க, பிடுங்குற வேலை ஆபரேஷன் தியேட்டர்ல நடக்கணும். நம்ம பக்கம் தாய்ப்பால் விடுறது, விளக்கெண்ணெய் விடுறது, நாக்கால தூசி எடுக்கிற பாட்டிகிட்ட கூட்டிட்டுப் போறது எல்லாம் இன்னும் நடக்குது. பட்டறையில துணி முனையாலயும் தீக்குச்சியாலயும் எடுக்கிறாங்க. கண்ணு துளைஞ்சிருந்தா இதெல்லாம் கிருமியை உள்ள அனுப்புற வழி. தண்ணி அடிச்சுக் கழுவவும் வேணாம். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணைத் தொடாம மேல வெச்சு ஒட்டிட்டுக் கிளம்புங்க. மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம்ங்கிறதால எதுவும் சாப்பிடாம வந்தா நல்லது.

கழுவக்கூடாதுன்னு நான் சொன்னது தெறிச்ச துணுக்குக்கு மட்டும். பேட்டரி ஆசிட், சுண்ணாம்பு, சிமெண்டுத் தண்ணி பட்டா நேர் எதிர். அங்கயே, அந்த நிமிஷமே, நிறைய தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும். கழுவின பிறகுதான் ஆஸ்பத்திரி.

அடிக்கிறதுக்கு முன்னாடி செய்யக்கூடியதும் இருக்கு. கெட்டி இரும்பை அடிக்கணும்னா நடுவுல பித்தளைக் கட்டை வைங்க. பித்தளை நசுங்கும், தெறிக்காது. அடிக்கிறதைவிட புல்லர் போட்டு இழுக்கிறது மேல். பூ விரிஞ்ச உளித் தலையை கிரைண்டர்ல தேய்ச்சு எடுத்துடுங்க. கூலிங் கிளாஸ் பத்தாது, பாலிகார்பனேட் கண்ணாடி ஹார்டுவேர் கடையிலயே கிடைக்குது, ஒரு பிரியாணி விலைதான். வேர்வையில பனி பிடிக்குதுன்னு கழட்டி வெச்சுடறாங்க. பக்கத்துல காத்து ஓட்டை இருக்கிற மாதிரி பாத்து வாங்குங்க.

சிங்கவரத்துல ரங்கநாதர் படுத்திருக்கிற குகைக்கோயில் பல்லவர் காலத்துல மலையைக் குடைஞ்சது. படியேறிப் போகும்போதெல்லாம் எனக்கு சாமிக்கு முன்னாடி அதைச் செதுக்கினவங்க கண்ணுதான் ஞாபகம் வரும். தொழில் கெட்ட புத்தி.

இன்னொண்ணு. சில்லு அடிக்கிறவர் மேலதான் படும்னு இல்ல. உளியைப் பிடிச்சவர், டார்ச் காட்டுறவர், ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிற பையன், வேடிக்கை பாக்குற குழந்தை, யார் கண்ணுலயும் படலாம். லூயி பிரெயிலுக்கு மூணு வயசுல அப்பாவோட தோல் பட்டறையில ஒரு கண்ணுல ஊசி குத்துச்சு. கொஞ்ச காலத்துல அடிபடாத இன்னொரு கண்ணும் போயிடுச்சு. அதனால கண்ணாடி ரெண்டு மூணு வாங்குங்க, பையனை அடிக்கிற நேரம் வெளிய அனுப்புங்க.

செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்க: முதல்ல பக்கத்து அரசு ஆஸ்பத்திரி, எந்த நேரமா இருந்தாலும். அங்கிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புவாங்க. வண்டி இல்லன்னா 108. டாக்டர்கிட்ட "தூசி விழுந்துடுச்சு"ன்னு சொல்லாதீங்க. "சுத்தியல் அடிக்கும்போது தெறிச்சது"ன்னு சொல்லுங்க.