மண் பொம்மையின் மறுபுறம்

பொம்மையின் முகத்தைப் பார்த்து வாங்குவோர் பலர். நான் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். கடைக்காரர் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. மண் பொம்மையின் வெளிப்புறத்தை வண்ணம் மூடிவிடும். உட்புறத்திலோ, அச்சுக்குள் களிமண்ணை அழுத்திய விரல்களின் தடம் சுட்ட மண்ணோடு உறைந்து கிடக்கும். செய்தவர் பெயரைப் பொம்மைகளில் பெரும்பாலும் காண இயலாது. எனக்கு அத்தடமே அவருடைய கையொப்பம்.

நவராத்திரியில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் அமைத்துக் கொலு வைக்கும் இல்லங்கள் பலவற்றில், ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையேனும் சேர்ப்பது வழக்கம். என் பாட்டி அதனை வழுவாது காத்தவர். வாங்கிய ஆண்டை ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பென்சிலால் எழுதி வைப்பார். 1962 என்னும் குறிப்புடைய தயிர்க்காரியின் பானை இன்று பாதி உடைந்திருக்கிறது. ஆயினும், பலசரக்குக் கடைச் செட்டியார் இணைக்கு அருகே அவளுக்கு இன்றும் இடம் உண்டு. உடைந்ததைக் கொலுவில் வைக்கலாகாது என்பார் உளர். நான் அவர்களோடு வாதிடுவதில்லை.

இத்தகைய பொம்மைகள் உருவாகும் ஊர்களுள் ஒன்று, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி. அங்குக் களிமண்ணைக் கல் நீக்கி, ஊறவைத்து, மிதித்துப் பதப்படுத்துகின்றனர். இரு பாதி அச்சுகளில் அழுத்தி எடுத்து, குழைத்த மண்ணால் ஒட்டி, நிழலில் உலர்த்துகின்றனர். ஈரம் எஞ்சியிருந்தால் பொம்மை சூளையில் வெடித்துவிடும். பல நாள் உழைப்பு ஓர் இரவில் ஓட்டுச் சில்லாகும். சுட்டபின் வெண்பூச்சு, அதன்மேல் வண்ணம், இறுதியில் கண்.

ஆவணியில் இவர்கள் வனையும் விநாயகர் சுடாத மண்; நீரில் கரைவதற்கென்றே பிறந்தவர். புரட்டாசிக்குரிய கொலுப் பொம்மைகளோ தலைமுறைகளைக் காண வேண்டியவை. பின்னர் அதே கைகள் கிறித்துமஸ் குடிலுக்குக் குழந்தை இயேசுவையும் மரியாளையும் சூசையையும் ஆடுமாடுகளையும் செய்கின்றன. என் சேகரிப்பில் குடிலுக்குரிய இடையன் ஒருவன் இருக்கிறான். அவன் தோளில் கிடக்கும் கம்பளி, நம் கீதாரிகள் போர்த்துவது போன்றே இருக்கிறது. பெத்லகேமை அக்கலைஞர் எங்கே கண்டார்? தம் ஊர்க் கண்மாய்க் கரையில் கண்டவனையே வனைந்திருக்கிறார்.

குடில் பொம்மைகள் உலர வேண்டிய ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதங்கள். வெயிலையும் சூளையையும் நம்பியிராமல் விரைந்து இறுகும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகளோடு, இம்மண் போட்டியிட வேண்டியிருக்கிறது. மண் பொம்மைக்கு நான் பேரம் பேசுவதில்லை. செய்தவரை நேரில் காண நேர்ந்தால் அவர் பெயரைக் கேட்டு, ஆண்டுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். ஒரு மூதாட்டி தம் பெயரைச் சொல்லத் தயங்கி, மகன் பெயரைச் சொன்னார். இரண்டையும் எழுதினேன்.

விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வோம். மறுநாள் ஒவ்வொன்றையும் உலர்ந்த மென்துணியால் துடைப்பேன். நீர் பட்டால் பழைய வண்ணம் கரையும். விரலால் மெல்லத் தட்டுவேன். நன்கு வெந்த மண் கணீரென ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். தயிர்க்காரியை மட்டும் தட்டுவதில்லை. பாட்டியின் பழைய பருத்திப் புடவைத் துண்டில் இருமடங்கு சுற்றி, பெட்டியின் நடுவில் வைப்பேன்.