திருச்சி விமானம் நிற்காமல் இருக்க

விமான நிறுவனங்கள் இணையும் செய்தியை வானொலியில் நாங்கள் முப்பது வினாடிகளில் சொல்லி முடித்துவிடுவோம். யார் யாருடன் சேர்கிறார், எத்தனை விழுக்காடு பங்கு, எப்போது நடப்புக்கு வரும். அவ்வளவுதான், அடுத்தது வானிலை. ஏர் இந்தியாவும் விஸ்தாராவும் இணையப்போவதாக 2022 நவம்பரில் வந்த செய்தியும் அப்படித்தான் காற்றில் போனது. புதிய ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 25.1 விழுக்காடு பங்கு கிடைக்கும் என்பதுதான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. திருச்சியை யாரும் நினைக்கவில்லை. விஸ்தாரா இங்கிருந்து திருச்சிக்குப் பறந்த நிறுவனமும் அல்லவே!

ஆனால் 2024 மார்ச்சில் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அந்த இணைப்புக்கு நிபந்தனையுடன் அனுமதி தந்தபோது, நான்கு வழித்தடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. டெல்லி, மும்பை, சென்னை, திருச்சி. மூன்று பெருநகரங்களுக்குப் பக்கத்தில் நம் திருச்சி.

ஏன் திருச்சி? ஒரே தெருவில் இரண்டு மளிகைக் கடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரிசி விலையை ஏற்றினால் நாம் எதிர்க்கடைக்குப் போவோம். அந்தப் பயத்திலேயே இருவரும் விலையைக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள். ஒருநாள் அந்த இரு கடைக்காரர்களும் சம்பந்தி ஆகிவிட்டால்? சிங்கப்பூர்–திருச்சி வழித்தடத்தில் பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் இந்தியாவின் பிள்ளை. இணைப்பு டெல்லியில் நடந்தாலும் சம்பந்தம் திருச்சியில் முடிந்துவிடுகிறது.

அதனால்தான் அந்த நான்கு வழித்தடங்களிலும் கொவிட்-19க்கு முன்பிருந்த அளவுக்கு இருக்கைகளைத் தொடர்ந்து வழங்குவதாக நிறுவனங்கள் கடப்பாடு தெரிவித்தன. அதைக் கண்காணிக்கச் சுயேச்சையான தணிக்கையாளர் ஒருவரையும் நியமிக்க ஒப்புக்கொண்டன. இருக்கைகள் போதிய அளவு இருந்தால் கட்டணம் எகிறாது என்பதே இதிலுள்ள கணக்கு. அதன் பிறகு 2024 நவம்பர் 12ஆம் தேதி இணைப்பு நிறைவேறியது.

ஊடகப் படிப்பில் இதைச் சந்தைப் போட்டி என்று ஒரு பாடமாகப் படித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்குப் புரிந்தது எங்கள் ஆயா இறந்த அன்றுதான்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். செவ்வாய்க்கிழமை மாலை தகவல் வந்தது. அம்மா அழுகைக்கு நடுவே பெரிய மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, “எப்ப எடுக்கிறீங்க?” ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், நாளை மதியம் வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார் மாமா. அன்றிரவுத் திருச்சி விமானத்தில் இரண்டு இருக்கைகள்தான் மிச்சம். அம்மாவும் நானும் கிளம்பினோம். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். வெளியே வந்ததும் கார். வெயில் ஏறுவதற்குள் ஊர்ப் பந்தலுக்குள் நுழைந்துவிட்டோம். அம்மா தன் கையால் வாய்க்கரிசி போட்டார்.

இருக்கை கிடைக்காத என் தம்பி சென்னை வழியாக வந்தான். சென்னையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 330 கிலோமீட்டர். அங்கிருந்து எங்கள் ஊர் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அவன் விழுப்புரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஊரில் எடுத்துவிட்டார்கள். ஆயா வளர்த்த பிள்ளை அவன். இன்றுவரை அதைப் பற்றி அவன் பேசுவதில்லை.

நேரடி விமானம் என்றால் இதுதான். புதுக்கோட்டை, தஞ்சாவூர், மன்னார்குடி, அறந்தாங்கி, காரைக்குடி, பெரம்பலூர் என்று திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்துதான் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். என் இரவு நிகழ்ச்சிக்கு அழைக்கும் தங்குவிடுதி நேயர்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்டால், இந்தப் பெயர்களில் ஒன்றுதான் பெரும்பாலும் வரும். “அடுத்த வாரம் ஊருக்குப் போறேன்கா, திருச்சி பிளைட்டு” என்று சொல்லும்போது அந்தக் குரலில் வரும் துள்ளல், எந்தப் பாட்டு போட்டாலும் வராது.

திருச்சிக்கு இத்தனை விமானங்கள் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 2003ல் வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, ஆசியான் நாடுகளின் விமானங்கள் 18 இந்திய நகரங்களுக்குக் கட்டுப்பாடின்றிப் பறக்கலாம் என்று இந்தியா அறிவித்தது. அந்த 18ல் திருச்சி ஒன்று. மற்ற நகரங்களுக்கு வாரத்துக்கு இத்தனை இருக்கைகள் என்று இரு நாட்டு ஒப்பந்தம் அளந்து கொடுக்கும். நம் பக்கத்து மலிவுக் கட்டண விமானங்களுக்குத் திருச்சியில் அந்த அளவுகோல் இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் போட்டி போட்டுப் பறந்தார்கள். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம் என்ற பெயரைத் திருச்சி அப்படித்தான் வாங்கியது.

ஆனால் வரத் தடையில்லாதவர்களுக்குப் போகவும் தடையில்லை. விமானம் என்பது சக்கரமுள்ள சரக்கு. இன்னோர் ஊரில் கூடுதல் வருமானம் என்றால் அடுத்த பருவ அட்டவணையில் அங்கே போய்விடும். இணைப்பு நடக்கும் காலத்தில்தான் இந்த மறுகணக்கு நடக்கும். ஒரே குழுமத்தில் இரண்டு அட்டவணைகள் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். பெருநகரங்கள் அதில் தப்பிவிடும். அடிபடுவது இரண்டாம் நிலை ஊர்கள்தான்.

நமக்கு இதில் நல்ல அனுபவங்களும் உண்டு. 2017 ஜூலையில் டைகர்ஏர் ஸ்கூட்டுடன் இணைந்தபோது திருச்சிச் சேவை பெயர் மாறித் தொடர்ந்தது. சில்க்ஏர் தாய் நிறுவனத்துடன் இணைந்தபோது, அதன் கோயம்புத்தூர்ச் சேவை ஸ்கூட்டின் கைக்கு வந்தது. சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனிக் காசு என்றாலும் நேரடி விமானம் பிழைத்தது. அவை நிறுவனங்கள் தாமாக எடுத்த முடிவுகள். 2024ல் கிடைத்தது அதைவிட உறுதியானது. எழுத்தில் உள்ளது, கண்காணிக்க ஆள் உள்ளது.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. கோயம்புத்தூர் அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கை எண்ணிக்கை வேறு, பயணிக்குப் பயன்படும் நேரம் வேறு. இரவு வேலை முடித்துக் கிளம்புகிறவருக்கும் மறுநாள் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டியவருக்கும், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு விமானங்கள் இருப்பது பெரிய உதவி. இண்டிகோ போன்ற மூன்றாவது போட்டியாளர் அதே தடத்தில் இருப்பதும் நமக்கு நல்லது. திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. ஆனால் ஓடுபாதை இன்னும் சுமார் 2,480 மீட்டர்தான். அதை நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு வந்துபோகும் நாள்வரை, சுமார் 180 பேர் ஏறும் சிறிய விமானங்களை நம்பித்தான் நாம் இருக்கிறோம். அவற்றை இடம் மாற்றுவது சுலபம்.

இணைப்புகளை ஆராயும்போது ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அறிவிப்பு வரும், சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் ஊர்ச் சங்கங்கள் பேச வேண்டும். ஆட்களை அனுப்பும் முதலாளிகள் பேச வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை பெற்றோரைப் பார்க்கப் போகும் நாமும் பேச வேண்டும். பொருளாதாரம் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. எந்த ஊருக்குப் போகிறோம், எதற்காகப் போகிறோம், நேரடி விமானம் இல்லாவிட்டால் எத்தனை மணி நேரம் கூடும் என்று நான்கு வரி எழுதினாலே போதும். விமானம் நின்றுபோன பிறகு போடும் மனுவுக்கு, நட்டக் கணக்கைக் காட்டி ஒரு பதில் வரும். இணைவதற்கு அனுமதி கேட்டு நிற்கும் நேரத்தில்தான் பெரிய நிறுவனங்களும் நாம் சொல்வதைக் கேட்கும்.